லாரிக்காரர் கொடுத்த வெள்ளைக் கல்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். நீங்களும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாதம் குட்டிக்கு வந்த இருமல் நின்றுவிட்டதா?

நான் நலம்தான், என் மீன்கள்தான் நலமில்லை. பன்னிரண்டு நாளில் முப்பத்தொரு மீன் செத்துப்போயிற்று. முதலில் கப்பிகள், அப்புறம் மோலிகள். நேற்றுக் காலை கடையைத் திறந்தால் ஏஞ்சல் ஜோடியில் ஒன்று பக்கவாட்டில் மிதக்கிறது, இன்னொன்று அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. தண்ணீரை மாற்றிவிட்டேன், மருந்து போட்டுவிட்டேன், காற்றுக் குழாய்களைக் கழற்றிக் கழுவிவிட்டேன். பலன் இல்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். கடையில் இருபத்திரண்டு தொட்டி. மீன் சாவது நான்கே நான்கு தொட்டியில். டிசம்பர் கடைசியில் புதுக் கற்கள் போட்டதும் அந்த நான்கில் மட்டும்தான். ஒரு லாரிக்காரர் சாக்கு நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் வெள்ளை, ஆனால் ஒரே வெள்ளை இல்லை. சில கண்ணாடி மாதிரி, சில பால் மாதிரி, சிலவற்றில் லேசாக மஞ்சள் ஓடுகிறது. விளக்கைப் போட்டால் அப்படி ஓர் அழகு. ஆறு வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மீன்கள் என்ன ஆயினவோ.

நீங்கள் நிலவியல் துறையில் நாளெல்லாம் கல்லோடு குப்பை கொட்டுகிறவர். சொல்லுங்கள், கல் மீனைக் கொல்லுமா?

அண்ணனைப் பற்றி இங்கும் ஒரு தகவலும் இல்லை.

உங்கள்,
வாலு


ஜனவரி 17

அன்புள்ள வாலுக்கு,

குட்டிக்கு இருமல் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். நான் நலம். உன் முதுகுவலி எப்படி? தொட்டி தூக்கும்போது முழங்காலை மடக்கு என்று எத்தனை தடவை சொல்வது?

கல் மீனைக் கொல்லுமா என்று கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்ததும், பசை தடவிக் கையில் வைத்திருந்த பெயர்ச்சீட்டைக் கல் மாதிரியில் ஒட்ட மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சீட்டு என் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. துறைத்தலைவர் அந்தப் பக்கம் வந்தவர், “என்னம்மா, உங்களையே ஒரு மாதிரியா எடுத்து வைக்கப் போறீங்களா?” என்றார்.

கொல்லும். எந்தக் கல் என்பதுதான் கேள்வி. நிறத்தை மட்டும் நம்பாதே. எங்கள் கூடத்தில் வெள்ளைக் கற்களுக்கென்று ஒரு இழுப்பறை இருக்கிறது. அதில் பதினேழு வகை. பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும், குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

எடை மட்டும் பார்த்தாலும் போதாது. பெரிய கல் கனக்கத்தான் செய்யும். அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு எவ்வளவு கனம் என்று பார்க்க வேண்டும். அதுதான் அடர்த்தி. கல்லை கிராமில் நிறுத்துக்கொள். அது பிடிக்கும் இடத்தைக் கண்டுபிடி. முதலாவதை இரண்டாவதால் வகுத்துவிடு. தலையளவு கல்லானாலும் நகத்தளவு துண்டானாலும், சுத்தமான ஒரே வகையென்றால் ஒரே எண்தான் வரும். எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

இடத்தை எப்படி அளப்பது? கோணல்மாணல் கல்லுக்கு நீளமேது, அகலமேது? தண்ணீரிடம் கேட்க வேண்டியதுதான். அளவுக் குவளையில் ஐந்நூறு மில்லி ஊற்று. கல்லை நூலில் கட்டி இறக்கு. தண்ணீர் எத்தனை மில்லி ஏறுகிறதோ, கல் அத்தனை கனசென்டிமீட்டர்.

இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்தால் பெரும்பாலும் சாதுவான கற்கள். அதற்கு மேலே போனால் உடனே எழுது. உனக்கு போன் இணைப்பு வந்துவிட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும். ஆனால் கணக்கைக் காட்டக் கடிதம்தான் தோது.

உங்கண்ணன் வேலை பார்த்த, தாதுக் கல் தேடித் துளையிடும் முகாமுக்கு எழுதிப் போட்டேன். ‘வேலையை விட்டுச் சென்றுவிட்டார்’ என்று இரண்டு வரியில் பதில். எங்கே என்று இல்லை. அவருடைய கடைசிக் கடிதம் ஆகஸ்டில் வந்தது. குட்டி அதை நோட்டுக்குள் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். முழங்காலை மடக்கித்தான் தூக்குகிறேன், சத்தியமாக.

அளந்து பார்த்தேன். முதல் கல்லை இறக்கும்போது நூல் நழுவி ‘டொம்’மென்று விழுந்து, தண்ணீர் என் முகத்தில் பாதி, கணக்கு நோட்டில் பாதி. இரண்டாவது தடவை சரியாக இறக்கினேன். சாக்கிலிருந்து நான்கு கல் எடுத்திருந்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும் ஒன்றும் பால் வெள்ளை ஒன்றும் நீங்கள் சொன்ன சாதுக் கணக்கில் வருகின்றன.

மஞ்சள் ஓடும் கல்தான் என்னைக் குழப்புகிறது. என் உள்ளங்கையளவுதான், எடை முந்நூற்று எண்பத்தாறு கிராம். தண்ணீர் ஏறியது எழுபத்தைந்துக்கும் நூறுக்கும் நடுவில் எங்கேயோ. என் குவளையில் இருபத்தைந்துக்கு ஒரு கோடுதான் இருக்கிறது. எழுபத்தைந்து என்றால் அடர்த்தி ஐந்தைத் தாண்டுகிறது, நூறு என்றால் நான்குக்குக் கீழே. இது ஒரு பதிலா? பக்கத்துத் தையற்கடைக்காரரிடம் காட்டினேன். “நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலன்னு நான் சட்டைக்கு அளவெடுத்தா, வாடிக்கையாளர் என்னை விடுவாரா?” என்கிறார்.

அவர் இன்னொன்றும் கேட்டார். “உள்ள யாரு அவ்ளோ சத்தமா எண்ணு படிக்கறது?” ரேடியோ என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மோலி இன்று போயிற்று.

உங்கள்,
வாலு


பிப்ரவரி 5

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அந்தக் கனமான கற்களை எல்லாத் தொட்டியிலிருந்தும் இன்றைக்கே எடுத்துவிடு. தண்ணீரை முழுக்க மாற்று. எடுத்தபின் கையை சோப்புப் போட்டுக் கழுவு. கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே. பயமுறுத்தவில்லை, ஆனால் சொன்னதைச் செய்.

இனி சுவாரசியத்துக்கு வருகிறேன். வெள்ளையாக, நான்குக்கு மேல் அடர்த்தியோடு இருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. என் சந்தேகம் இரண்டு பேர் மேல். ஒருவர் பேரைட், நாலரை. பரம சாது, தண்ணீரில் கரையவே மாட்டார். இன்னொருவர் விதரைட், நான்கு புள்ளி மூன்று. பார்க்க அதே முகம். ஆனால் இவர் சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவார். இருவருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் வெறும் பூஜ்யம் புள்ளி இரண்டு. உன் குவளையால் ஆகாது. தையற்கடைக்காரர் சொன்னது சரி.

தீவனம் நிறுக்கும் மின்தராசு வைத்திருக்கிறாயே, அது போதும். தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வை. பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா. கல்லை நூலில் கட்டிக் கையில் பிடித்தபடி, தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி இறக்கு. அடியைத் தொடக் கூடாது, பக்கத்தையும் தொடக் கூடாது. தராசு இப்போது ஒரு எண் காட்டும். அது கல்லின் எடை இல்லை. கல்லை உன் கைதான் தாங்குகிறது. கல் ஒதுக்கித் தள்ளிய தண்ணீரின் எடை அது. தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு கனசென்டிமீட்டர். ஆக, தராசு காட்டுவதே கல்லின் கனஅளவு. கோடும் வேண்டாம், கண்ணை இடுக்கிப் பார்ப்பதும் வேண்டாம்.

முதல் முறை இதைச் செய்தபோது, தராசு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நான் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். உங்கண்ணன் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தார்.

கல்லில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தட்டி விடு. மூன்று தடவை அளந்து பார். முடிந்தால் ஒரு துண்டைப் பார்சலில் அனுப்பு. அமிலம் விட்டுப் பார்க்கிறேன்.

குட்டி உன் ஏஞ்சல் மீனுக்காக ஒரு படம் வரைந்திருக்கிறாள், இதோடு இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். படத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

கற்களை எடுத்துவிட்டேன். நாலு நாளாக ஒரு சாவும் இல்லை.

தராசு வேலை அற்புதம். கீழே கணக்கு.

கல் 1, கண்ணாடி போன்றது: எடை 318, கனஅளவு 120, அடர்த்தி 2.65.
கல் 2, பால் வெள்ளை: எடை 190, கனஅளவு 70, அடர்த்தி 2.71.
கல் 3, மஞ்சள் ஓடுவது: எடை 386, கனஅளவு 90, அடர்த்தி 4.29.
கல் 4, அதே வகை, சிறியது: எடை 215, கனஅளவு 50, அடர்த்தி 4.30.

ஒவ்வொன்றும் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தது. தண்ணீரின் வெப்பம் 27 பாகை. தராசு ஒரு கிராம் முன்பின் காட்டலாம். அப்படிப் பார்த்தாலும் மூன்றாவது கல் 4.23-க்குக் கீழே போகாது, 4.35-க்கு மேலேயும் போகாது. ஆகவே பேரைட் இல்லை.

எல்லாம் நானே செய்தேன்.

மூன்றாவது கல்லைப் பார்சலில் அனுப்புகிறேன்.

உங்கள்,
வாலு


பிப்ரவரி 26

அன்புள்ள வாலுக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. பார்சல் வந்து ஆறு நாள் ஆகிறது. கல்லைச் சோதித்தது முதல் நாளே. மற்ற ஐந்து நாளும் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

கல்லில் ஒரு துளி அமிலம் விட்டேன். நுரைத்தது. பேரைட் நுரைக்காது. பளிங்கு நுரைக்கும், ஆனால் இந்தக் கனம் கனக்காது. இது விதரைட்தான். உன் கணக்கே பாதி பதிலைச் சொல்லிவிட்டது.

இதைக் கையில் வைத்துப் பார்ப்பதில் ஆபத்தில்லை. ஆனால் வயிற்றுக்குள் போனால் விஷம். இதே சரக்கை ஒரு காலத்தில் எலி மருந்தாக விற்றிருக்கிறார்கள். அந்த ஆறு வாடிக்கையாளர்களிடமிருந்தும் கல்லைத் திரும்ப வாங்கிவிடு. வெட்கப்படாதே. கல்லை யாரும் உடைக்க வேண்டாம், தூள் பறக்கும்.

கட்டு பிரமாதமாக இருந்தது. இரண்டு சுற்றுச் செய்தித்தாள், நடுவில் துணி, முடிச்சு வலப்பக்கம். கல்லின் அடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, மையில் 147 என்று எழுதியிருந்தது. ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு. துளையிடும்போது எத்தனையாவது மீட்டரில் கல் கிடைத்தது என்று அப்படித்தான் குறிப்பார்கள். உங்கண்ணனும் ஏழை அப்படித்தான் போடுவார். உலகத்தில் எத்தனையோ பேர் அப்படிப் போடுவார்கள்.

உன் லாரிக்காரர் படித்த மனிதர் போலிருக்கிறது. கணக்கிலும் புலி. நீ கூட்டலுக்கே விரல் விடுகிறவள், உனக்கு முன்பின் பிழை போட்டுக் காட்ட யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

ஒன்று மட்டும் எழுது. அந்தக் கல்லோடு இவ்வளவு நாள் பழகியவர் ஆயிற்றே, லாரிக்காரருக்கு வாந்தி, கைகால் தளர்ச்சி எதுவும் இல்லையே? நன்றாகச் சாப்பிடுகிறாரா?

அன்புடன்,
அண்ணி


மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம்.

லாரிக்காரருக்கு வாந்தி இல்லை, தளர்ச்சி இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார். தூக்கம்தான் சரியில்லை என்கிறார். எப்போதாவது பார்க்கும்போது சொல்வார்.

கற்களைத் திரும்ப வாங்கிவிட்டேன். வங்கிக்கார அம்மா உடனே கொடுத்துவிட்டார். புகைப்படக் கடைக்காரர் சண்டை பிடித்தார். “அழகா இருக்குன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?” ஆமாம், நான்தான் சொன்னேன். பதிலுக்கு இரண்டு தங்கமீன் கொடுத்தேன். இரட்டைக் குழந்தைகள் வீட்டில் ஒரு கல் குறைந்தது. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், காலணிக்குள் என்று வீட்டையே தலைகீழாக்கினோம். கடைசியில் மூத்தவளின் பென்சில் டப்பாவில் இருந்தது. வாயில் வைத்தாயா என்று கேட்டேன். “கல்லை யாராச்சும் தின்பாங்களா ஆன்ட்டி?” என்றாள். டப்பாவையும் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓய்வு பெற்ற கணக்கரும் மருந்துக்கடைக்காரரும் தொட்டியையே காலி செய்து காட்டினார்கள். ஆறாவது, காது டாக்டர். அவருடைய காத்திருப்பு அறையில் ஒரு தொட்டி நான்தான் வைத்துக்கொடுத்தேன். நாலைந்து தடவை போய் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்ததில் அந்த வெறும் சுவர் கண்ணை உறுத்தியது. அவர் மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. அங்கே ஆழ்கிணற்றுத் தண்ணீர், அதனால் இருக்கும்.

எல்லாக் கல்லும் இப்போது டப்பாவில், மூடி போட்டு.

உங்கள்,
வாலு


மார்ச் 13

வாலு,

நலம். நலம்தானே?

மீன் தொட்டி விற்க யாரும் காது டாக்டர் அறையில் நாலைந்து தடவை மணிக்கணக்கில் உட்கார மாட்டார்கள். உனக்குக் காதில் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தெருவில் கடலை வறுத்தாலும் கேட்கும் காது உனக்கு.

லாரிக்காரருக்கு எந்தக் காது?

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு வாரமாக உங்கள் கடிதத்தைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மன்னித்துவிடுங்கள். லாரிக்காரர் என்று யாரும் இல்லை.

அண்ணன் நவம்பர் இருபதாம் தேதி வந்தார். பிற்பகல், கடையில் ஆள் இல்லாத நேரம். தோளில் ஒரு சாக்கு. ‘அண்ணா’ என்று கத்திக்கொண்டு ஓடினேன். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடையே அதிரும்படி, “மெதுவா பேசு, வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கறேன்” என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை அண்ணி. தையற்கடைக்காரர் கேட்ட ரேடியோ அவர்தான்.

செப்டம்பரில் நடந்திருக்கிறது. பாறைக்கு வைத்த வெடி வெடிக்காமல் போயிற்று என்று நினைத்துப் பக்கத்தில் போயிருக்கிறார்கள். பத்தடி தள்ளி நிற்கும்போது வெடித்துவிட்டது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அண்ணனுக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் இருக்கிறது. ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று முகாமில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வலது காதுக்குக் கருவி வைத்தால் பக்கத்தில் பேசுவது கேட்கும் என்று டாக்டர் சொல்கிறார். இவர்தான் நாளைக்கு, நாளைக்கு என்கிறார்.

முதல் நாளே கேட்டேன். வீட்டுக்குப் போகாமல் ஏன் இங்கே வந்தாய் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வாய்விட்டே சொன்னார்.

“கதவைத் திறந்ததும் அவ பேச ஆரம்பிப்பா. சமையக்கட்டுலேருந்து பேசுவா, குளிக்கற அறையிலேருந்து பேசுவா. பதில் சொல்லலைன்னா நின்னு என் முகத்தைப் பாப்பா. அந்த முகத்தை நான் எப்படிப் பாக்கறது?”

சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சாக்கில் இருந்தது உங்களுக்காகப் பொறுக்கியது. ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் மீட்டர் எண். உங்களிடம் கொண்டுவர முடியவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. அழகாக இருக்கிறதே, தொட்டியில் போடுகிறேன் என்று நான்தான் கேட்டேன். சரி என்றார். மற்ற சீட்டுகளையெல்லாம் கிழித்துவிட்டார். அனுப்பிய கல்லில் மட்டும் ஏன் விட்டார் என்று கேட்டேன். மீனுக்குத் தீவனம் போடப் போய்விட்டார்.

உங்கள் கடிதங்களை எனக்கு முன்னால் அவர் படிப்பார். அளந்தது, கணக்குப் போட்டது எல்லாம் அவர்தான். தராசு கெட்டுவிட்டது என்று நீங்கள் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்ட இடத்தைப் படித்ததும் சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு.

என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்,
வாலு


ஏப்ரல் 8

குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும் நலம். உங்கள் நலத்தைப் பிப்ரவரி மாதத்திலிருந்து நானே ஊகித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதுதான் உறுதியாயிற்று.

வாலுவைத் திட்டவில்லை. உங்களைத் திட்டுவதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அது நேரில்.

கேள்விகள் மட்டும் இப்போது. தயவுசெய்து எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். வலது காதில் எது கேட்கிறது? ஆண் குரலா, பெண் குரலா? கதவு தட்டினால் தெரிகிறதா, அதிர்வாகவா, சத்தமாகவா? தலை சுற்றுகிறதா? காதுக்குள் இரைச்சல் உண்டா, உண்டென்றால் விசில் மாதிரியா, தண்ணீர் கொதிப்பது மாதிரியா? நான் ஊகம் செய்து செய்து அலுத்துவிட்டேன். இதை எந்த இழுப்பறையில் வைப்பது என்றே தெரியவில்லை.

என் முகத்தைப் பார்க்க முடியாது என்றீர்களாம். இந்த எட்டு மாதம் என் முகம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. குட்டிக்குத் தெரியும். தபால்காரருக்குத் தெரியும். நீங்கள் செத்துப்போய்விட்டீர்களோ என்றும் நினைத்தேன், வேறு குடும்பமோ என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நாளில் நினைத்திருக்கிறேன். அதோடு ஒப்பிட்டால், பதில் வராதபோது நின்று பார்க்கிற முகம் ஒன்றுமே இல்லை.

நான் பேசுவது உங்களுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் பேசினேன் என்று யார் சொன்னது? பாதி நேரம் நீங்கள் காதில் வாங்கியதே இல்லை. ‘ம்’ மட்டும் போடுவீர்கள். எனக்குத் தெரியாதா?

எங்கள் துறையில், முகாம்களிலிருந்து வந்த, துளையிட்டு எடுத்த கற்கள் அடங்கிய பெட்டிகள் நானூறு குவிந்து கிடக்கின்றன. மீட்டர் எண் பார்த்து அடுக்க, அளந்து எழுத ஆள் தேடுகிறார்கள். துறைத்தலைவரிடம் உங்கள் அட்டவணையைக் காட்டினேன். வாலுவின் பெயரில் வந்த அந்த அட்டவணையைத்தான். “இது யாரு? முன்பின் பிழை போடற ஆளைப் பாத்தே வருஷமாச்சு” என்றார். என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

கருவியை வைத்துக்கொண்டு வாருங்கள். வைக்காமலும் வாருங்கள். வருவதுதான் முக்கியம்.

நான்


ஏப்ரல் 19

குட்டியின் அம்மாவுக்கு,

நலம். எனக்கு நீளமாக எழுத வராது, உனக்குத் தெரியும்.

உன் கேள்விகளுக்கு: வலது காதில் தாழ்ந்த சத்தம் கேட்கிறது. லாரி கேட்கும். ஆண் குரல் கொஞ்சம். பெண் குரல், கிட்டே வந்தால், ஏதோ பேசுகிறார்கள் என்று மட்டும். கதவு அதிர்வாகத்தான். தலைசுற்றல் ஜனவரியோடு நின்றது. இரைச்சல் உண்டு. விசில் இல்லை, காற்றுக் குழாய் ஓடுவது மாதிரி. அதனால் மீன் கடையில் வித்தியாசம் தெரியவில்லை.

கருவி நேற்று வைத்தார்கள். வாலு பேசியது கேட்டது. சின்ன டப்பாவுக்குள் இருந்து பேசுவது மாதிரி. உன் குரல் எப்படி வரும் என்று தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன், போதுமா?

சீட்டை அந்தக் கல்லில் வேண்டுமென்றேதான் விட்டேன். நீ பார்ப்பாய் என்று தெரியும். பார்க்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை நாலு மணி வண்டியில் வருகிறேன்.


ஏப்ரல் 30

அன்புள்ள வாலுக்கு,

இங்கே மூவரும் நலம். மூவரும் என்று எழுதி நாளாயிற்று, அதனால் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். உன் ஏஞ்சலுக்குத் துணை கிடைத்ததா? கடை எப்படிப் போகிறது?

வண்டி நாற்பது நிமிடம் தாமதம். குட்டி அதற்குள் நிலையத்தில் இருந்த எல்லாரிடமும் அப்பா வருகிறார் என்று சொல்லி முடித்துவிட்டாள். அவர் இறங்கியதும் ஓடிப்போய் வலது கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவே இல்லை. நான் இடது பக்கம்தான் நடக்க வேண்டியதாயிற்று.

அது கேட்காத பக்கம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் பேச ஆரம்பித்துவிட்டேன். எனக்கே ஏன் என்று புரியவில்லை. நிலையத்திலிருந்து வீடு வரை, இரண்டு தெரு, ஒரு பாலம், எங்கள் மூன்று மாடிப் படி முழுக்கப் பேசினேன். ஆகஸ்டில் ஆரம்பித்தேன். முகாமிலிருந்து வந்த இரண்டு வரியைச் சொன்னேன். தபால்காரர் வரும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னேன். திட்ட வேண்டிய பட்டியலையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். அவர் முன்னால் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். எதிரே வந்தவர்கள் நான் அழுவதைப் பார்த்திருப்பார்கள். அவர் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் குட்டி நோட்டை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுத் தோழியை அழைத்துவர ஓடினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அந்தக் கருவியை விரலால் ஒரு தடவை அழுத்திச் சரிசெய்துகொண்டார். அறையே அதிர்கிற குரலில் ஆரம்பித்து, என் கை எழுந்ததைப் பார்த்துத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“வழியெல்லாம் என்னமோ சொல்லிட்டே வந்தே. ஒரு எழுத்து கேக்கல.”

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

வலது பக்கம் கிடந்த நாற்காலியைக் காலால் தன்னருகே இழுத்துப் போட்டார்.

“இந்தப் பக்கம் வந்து உக்காரு,” என்றார். “முதல்லேருந்து சொல்லு.”

அன்புடன்,
அண்ணி